பாதியில் நின்ற பெயர்: ஒரு ஸ்டாஃபிலோகாக்கஸ் ரத்தத் தொற்றின் நிகழ்வு ஆய்வு

சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு, 52 வயதுள்ள ஒருவர் காய்ச்சலோடும் இடுப்பு வலியோடும் எங்கள் மருத்துவமனையில் சேர்ந்தார். ஞாயிறு விடிகாலை நாலு மணிக்கே அவருடைய ரத்தத்தில் கிருமி வளர்வது ஆய்வகத்துக்குத் தெரிந்துவிட்டது. வார்டுக்கும் ஃபோனில் சொல்லியாகிவிட்டது. ஆனால் அந்தக் கிருமிக்கு உரிய மருந்து அவர் நரம்பில் ஏறத் தொடங்கியது திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. இடையில் முப்பது மணி நேரம் போய்விட்டது. அந்த முப்பது மணி நேரத்துக்கு ஒரே ஒரு சொல்தான் காரணம். அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் அந்த ஆய்வகத்தின் நுண்ணுயிரியல் மருத்துவர். நோயாளியின் சம்மதத்தோடும், அவரை யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியும் எழுதுகிறேன்.

சேர்ந்த அன்று

அவருக்கு எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். பன்னிரண்டு நாட்களுக்கு முன்பு வாந்தி பேதிக்காக வேறோர் இடத்தில் மூன்று நாள் சேர்ந்து குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருக்கிறார். வீடு திரும்பி ஐந்து நாள் நன்றாகத்தான் இருந்தார். அப்புறம் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. கூடவே இடுப்புக்கு மேலே, முதுகெலும்பின் நடுவில் ஒரு வலி. திரும்பிப் படுத்தாலும் குறையாது, இரவில் கூடும். நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

காய்ச்சல் 102.4 டிகிரி. நாடித்துடிப்பு 116. ரத்த அழுத்தம் 110/70. வெள்ளணுக்கள் 17,200, அதில் நியூட்ரோஃபில்கள் 91 சதவீதம். உடலின் அழற்சியைக் காட்டும் சிஆர்பி லிட்டருக்கு 218 மில்லிகிராம். சர்க்கரை 312. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.4. சிறுநீரில் சீழணுக்கள் நிறையத் தெரிந்தன. சர்க்கரை நோயாளி, காய்ச்சல், இடுப்பு வலி, சிறுநீரில் சீழணு. இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்த டூட்டி டாக்டர் சிறுநீரகத் தொற்று என்று எழுதினார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் முதலில் அதைத்தான் எழுதியிருப்பேன். செஃப்ட்ரியாக்ஸோன் என்ற கிருமிக்கொல்லியை 2 கிராம் அளவில் தொடங்கினார்.

ஆனால் மருந்தைத் தொடங்கும் முன்பே ரத்த கல்ச்சர், அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு ரத்தம், எடுத்துவிட்டார். இரண்டு கைகளிலிருந்தும் தனித்தனியாக, ஒவ்வொரு கைக்கும் இரண்டு பாட்டில், பாட்டிலுக்குப் பத்து மில்லி அளவில். அவசரப் பிரிவில் ஆள் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது இப்படி முறையாக எடுப்பவர்கள் குறைவு. அந்த நான்கு பாட்டில்கள் இல்லாவிட்டால் இந்த நிகழ்வில் நமக்குப் பிடிபட எதுவுமே இருந்திருக்காது. அந்த இளம் டாக்டருக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

விடுபட்டது ஒன்று. நோயாளி முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். ரத்தம் எடுக்க முழங்கை மடிப்பு தெரியும் அளவுக்கு மட்டும் சட்டையை மேலே தள்ளியிருக்கிறார்கள். இடது முன்கையின் புறப்பக்கத்தை, பன்னிரண்டு நாட்களுக்கு முன் குளுக்கோஸ் ஏறிய இடத்தை, யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

நாலு மணிக்கு வந்த ஃபோன்

ரத்த கல்ச்சர் பாட்டில்கள் ஓர் இயந்திரத்துக்குள் 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும். கிருமி பெருகினால் கரியமில வாயு வெளிவரும். பாட்டிலின் அடியில் உள்ள உணரி நிறம் மாறும், இயந்திரம் ஒலி எழுப்பும். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு உள்ளே வைத்த பாட்டில்களில் முதலாவது, ஞாயிறு விடிகாலை நாலு மணிக்கு ஒலித்தது. அதாவது பதினோரு மணி நேரத்தில்.

இரவுப் பணியில் இருந்த டெக்னீஷியன் உடனே ஒரு துளியை ஸ்லைடில் தேய்த்து கிராம் சாயம் போட்டார். கிறிஸ்டல் வயலட், பிறகு அயோடின், பிறகு நிறத்தைக் கழுவும் கரைசல், கடைசியில் சாஃப்ரனின். டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் வெளியிட்ட முறை இது. தடித்த செல்சுவர் உள்ள கிருமிகள் ஊதா நிறத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அவை கிராம் பாசிட்டிவ். மெல்லிய சுவர் உள்ளவை ஊதாவை விட்டுவிட்டு இளஞ்சிவப்பாகும். அவை கிராம் நெகட்டிவ். டெக்னீஷியன் கண்டது கருநீலக் கோளங்கள், கொத்துக் கொத்தாக. அந்த ஸ்லைடைத் திங்கட்கிழமை நானும் பார்த்தேன். சந்தேகத்துக்கே இடமில்லாத படம். ஒவ்வொன்றும் ஒரு மைக்ரான் அளவு. சில இடங்களில் நாலைந்து, சில இடங்களில் இருபது முப்பது, பழக்குலை போல ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி.

4.25-க்கு அவர் வார்டுக்கு ஃபோன் செய்தார். ஆய்வகப் பதிவேட்டில் அவர் எழுதியிருப்பது: "கிராம் பாசிட்டிவ் காக்கஸ், கொத்தாக. ஸ்டாஃப் மாதிரி. வார்டு சிஸ்டரிடம் தெரிவிக்கப்பட்டது." வார்டின் கேஸ் ஷீட்டில் அதே நேரத்துக்கு எதிரே உள்ள வரி: "கல்ச்சர் – ஸ்டாஃப். தோல் கலப்படமா?"

இரண்டு வரிகளுக்கும் இடையில் என்ன நடந்தது என்று பின்னால் எல்லோரிடமும் உட்கார்ந்து பேசினேன். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் சோம்பேறியும் இல்லை. டெக்னீஷியன் "ஸ்டாஃப்" என்றார். சிஸ்டர் "ஸ்டாஃப்" என்று எழுதிக்கொண்டார். தூக்கத்திலிருந்து எழுந்து வந்த டாக்டர் "ஸ்டாஃப்" என்று கேட்டார். முந்தைய மாதம் அதே வார்டில் வந்த மூன்று "ஸ்டாஃப்" ரிப்போர்ட்டுகளும் தோலிலிருந்து பாட்டிலுக்குள் விழுந்த கலப்படம் என்று முடிந்திருந்தன. அந்த நினைவுதான் கேள்விக்குறியாக ஷீட்டில் ஏறியது. காலை ரவுண்டுக்குள் அந்தக் கேள்விக்குறியும் காணாமல் போனது. "கல்ச்சரில் கலப்படம், செஃப்ட்ரியாக்ஸோன் தொடரவும்" என்று இருந்தது.

ஞாயிறு காலை ஐந்து மணிக்கும் ஆறரை மணிக்கும் இன்னும் இரண்டு பாட்டில்கள் ஒலித்தன. அவை மற்றக் கையிலிருந்து எடுத்தவை. டெக்னீஷியன் அவற்றுக்கும் சாயம் போட்டுப் பார்த்து, அதே கொத்துக் கோளங்கள் என்று பதிவேட்டில் எழுதிவைத்தார். ஃபோன் செய்யவில்லை. "ஏற்கெனவே சொல்லியாச்சே மேடம்" என்றார் என்னிடம். அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது ஃபோன் எவ்வளவு முக்கியம் என்று அவருக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

ஞாயிறு முழுவதும் காய்ச்சல் 100-க்கும் 101-க்கும் நடுவில் நின்றது. செஃப்ட்ரியாக்ஸோன் இந்தக் கிருமியின்மேல் ஓரளவு வேலை செய்யும். அந்த ஓரளவுதான் எல்லோரையும் ஏமாற்றியது. குறைந்துவருகிறது என்று நினைத்தார்கள். முதுகு வலிக்கு வலி மாத்திரை கொடுத்தார்கள்.

கொத்து என்றால் என்ன, அதற்குப் பின்னால் வரும் பெயர் என்ன

நிகழ்வை இங்கே கொஞ்சம் நிறுத்திவிட்டு இந்தச் சொல்லைப் பார்க்க வேண்டும். தவறின் வேர் இதற்குள்தான் இருக்கிறது.

ஸ்காட்லாந்தின் அபர்தீனில் அறுவை மருத்துவராக இருந்தவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன். சீழ்க்கட்டிகளைக் கீறும்போது வந்த சீழை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். சூடும் வலியுமாகத் திடீரென்று வரும் கட்டிகளில் சின்னச் சின்னக் கோளங்கள் இருந்தன. நாள்பட்ட குளிர்ந்த கட்டிகளில் அவை இல்லை. 1880-இல் இதை வெளியிட்டார். சில கோளங்கள் சங்கிலியாகக் கோத்து நின்றன, சில குலையாக நின்றன. குலையாக நின்றவற்றுக்கு 1882-இல் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் ஸ்டாஃபிலே என்றால் திராட்சைக் குலை. காக்கஸ் என்பது மணி அல்லது விதையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. சங்கிலியாக நிற்பது ஸ்ட்ரெப்டோகாக்கஸ். ஃபோனில் இந்த இரண்டு பெயர்களும் ஒன்றுபோலக் காதில் விழும். அதனாலேயே நான் எப்போதும் "கொத்து" அல்லது "சங்கிலி" என்று தமிழிலும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறேன்.

இதே திராட்சைக் குலை மருத்துவத்தில் வேறு இடங்களிலும் எட்டிப் பார்க்கும். கண்ணின் வெளிச்சுவர் மெலிந்து, உள்ளே இருக்கும் கருநிறப் படலத்தோடு சேர்ந்து திராட்சைபோலப் புடைத்தால் அதற்கு ஸ்டாஃபிலோமா என்று பெயர். உள்நாக்கையும் கிரேக்கர்கள் ஸ்டாஃபிலே என்றார்கள். பிளவுபட்ட மெல்லண்ணத்தைத் தைக்கும் அறுவைக்கு ஸ்டாஃபிலோராஃபி என்று பெயர் வந்தது அப்படித்தான். இவற்றுக்கும் கிருமிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கேஸ் ஷீட்டில் ஸ்டாஃபிலோமா என்று பார்த்துவிட்டு, கண்ணில் தொற்றா என்று கேட்ட மாணவர்கள் உண்டு. நல்ல கேள்விதான்.

சரி, ஸ்டாஃபிலோகாக்கஸ் என்பது குடும்பப் பெயர் போன்றது. அந்தப் பேரினத்தில் இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. 1884-இல் ஜெர்மானியரான ரோசன்பாக், தட்டில் வளரும் நிறத்தை வைத்து இரண்டைப் பிரித்தார். பொன்னிறமாக வளர்ந்தது ஆரியஸ். வெள்ளையாக வளர்ந்தது ஆல்பஸ். இந்த வெள்ளைதான் பிற்பாடு எபிடெர்மிடிஸ் ஆனது, அதாவது மேல்தோலில் வாழ்வது. எபிடெர்மிடிஸ் நம் எல்லோர் தோலிலும் இருக்கிறது. ரத்தம் எடுக்கும்போது தோலைச் சரியாகத் துடைக்காவிட்டால் ஊசியோடு பாட்டிலுக்குள் போய்விடும். "தோல் கலப்படம்" என்ற எண்ணம் வருவதற்குக் காரணம் இதுதான். ஆனால் செயற்கை வால்வு, பேஸ்மேக்கர், செயற்கை மூட்டு இருப்பவரிடம் எபிடெர்மிடிஸையும் அப்படித் தள்ளிவிட முடியாது. அந்தப் பொருட்களின் மேல் வழவழப்பான படலமாகப் படிந்து மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

ஆரியஸ் விஷயம் வேறு. ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூக்கில் அது சத்தமில்லாமல் குடியிருக்கும். அப்படி இருப்பதற்குக் குடியேற்றம் என்று பெயர், அது நோய் இல்லை. தோலில் ஒரு வழி கிடைத்தால் மயிர்க்கால் கட்டி. பல மயிர்க்கால்கள் ஒன்றாகச் சேர்ந்து பல கண்களோடு புடைத்தால் ராஜபிளவை. ரத்தத்துக்குள் போய்விட்டால் இதய வால்வு, முதுகெலும்பு, மூட்டு, சிறுநீரகம், மூளை, எங்கு வேண்டுமானாலும் போய் ஒட்டிக்கொள்ளும். பென்சிலினுக்கு முந்தைய காலத்தில் இது எப்படி இருந்தது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பாஸ்டன் நகர மருத்துவமனையில் ஆரியஸ் ரத்தத் தொற்று வந்த 122 பேரில் 82 சதவீதம் பேர் இறந்ததாக 1941-இல் வெளியானது. நல்ல மருந்துகள் இருக்கும் இன்றைக்கும் ஐந்தில் ஒருவர் அளவுக்கு இழக்கிறோம்.

அதனால்தான் ஒரு விதி எழுதாமலே எல்லா நுண்ணுயிரியலாளர்களிடமும் இருக்கிறது. ரத்தத்தில் வந்த ஆரியஸைக் கலப்படம் என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. ஒரே ஒரு பாட்டிலில் வந்தாலும் சொல்லக் கூடாது.

"ஸ்டாஃப்" என்ற சொல் இந்த இரண்டையும் ஒரே பையில் போட்டுவிடுகிறது. தோலில் சும்மா இருப்பதும் அதுதான், ஆளைக் கொல்வதும் அதுதான் என்று ஆகிவிடுகிறது. கேட்பவர் தனக்குப் பழக்கமான பாதியைக் கேட்டுக்கொள்கிறார்.

திங்கட்கிழமை காலை

பாட்டிலிலிருந்து எடுத்துத் தடவிக் கிருமியை வளர்த்த தட்டுகளை எட்டரை மணிக்குத் திறந்தேன். ரத்தம் கலந்த அகார் கூழ்த் தட்டில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் வழவழப்பான, சற்றே குவிந்த காலனிகள், அதாவது கிருமிக் கூட்டங்கள். வெண்ணெய்க்கும் தங்கத்துக்கும் நடுவே ஒரு நிறம். தட்டை விளக்குக்கு எதிரே பிடித்தால் ஒவ்வொரு காலனியைச் சுற்றியும் சிவப்பு கரைந்து ஒளி ஊடுருவும் வட்டம். கிருமி விடும் நச்சு ரத்த அணுக்களை உடைத்துவிட்டிருக்கிறது. அதைப் பார்த்ததும் வயிற்றில் ஏதோ செய்தது. பாட்டிலின் நேரத்தைப் பார்த்தேன். பதினோரு மணி நேரம். பதிவேட்டைப் புரட்டினேன். நாலில் மூன்று பாட்டில், இரண்டு கைகளிலிருந்தும்.

ஒரு காலனியை எடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடு துளியில் வைத்தேன். பொங்கியது. பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் என்ற நொதி இருக்கிறது, ஆகவே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இல்லை. இன்னொன்றை ஸ்லைடில் பிளாஸ்மாவோடு கலந்தேன். பத்து விநாடிக்குள் தயிர் திரிந்தாற்போலத் துகள் துகளாகக் கட்டியது. இது கட்டிக்கொள்ளும் காரணியைக் காட்டும் சோதனை. லக்டுனென்சிஸ் என்ற இனமும் இதில் ஏமாற்றும் என்பதால் குழாய் சோதனையையும் போட்டேன். அரை மில்லி முயல் பிளாஸ்மா, அதில் கொஞ்சம் கிருமி, 37 டிகிரியில்.

குழாய் முடிவுக்காக நான் காத்திருக்கவில்லை. பக்கத்தில் சிறுநீர் கல்ச்சர் தட்டு இருந்தது. அதிலும் அதே பொன்னிறக் காலனிகள். சிறுநீர்க் குழாய் எதுவும் போடாத ஒருவர் சிறுநீரில் ஆரியஸ் வந்தால், கீழிருந்து மேலே ஏறியது என்று நினைக்கும் முன் ரத்தத்திலிருந்து சிறுநீரகத்துக்கு இறங்கியதா என்று பார்க்க வேண்டும். சிறுநீரகத் தொற்று என்ற முதல் முடிவு அந்த நிமிடத்தில் தலைகீழானது.

ஃபோன் செய்யாமல் நேராக வார்டுக்கே போனேன். டூட்டி டாக்டர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "மேடம், அது கலப்படம்தானே?" என்றார். "இல்லைப்பா. ஆரியஸ். மூணு பாட்டில்" என்றேன். அவர் முகம் வெளுத்ததை மறக்க முடியாது. வேறு எதுவும் பேசாமல் இருவரும் நோயாளியின் கட்டிலுக்குப் போனோம்.

"குளுக்கோஸ் எந்தக் கையில் ஏத்துனாங்க?" என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு இடது கையை நீட்டினார். அவர் மனைவிதான் சட்டைக் கையை மெல்ல மேலே சுருட்டினார். மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே, பட்டாணி அளவில் சிவந்த புள்ளி. அதிலிருந்து முழங்கை நோக்கிக் கயிறுபோல ஒரு தடிப்பு. விரலால் லேசாகத் தடவியதும் புள்ளியின் நடுவிலிருந்து ஒரு துளி சீழ் வந்தது. "அது ஊசி குத்துன இடம்தானே டாக்டர், கொஞ்சம் வீங்கியிருந்துச்சு, தானா சரியாயிடும்னு விட்டுட்டேன்" என்றார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அப்புறம் அவர் மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ரத்தத்துல விஷம் கலந்துடுச்சா டாக்டர்?"

நம் பேச்சில் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே வாக்கியம்தான். அதற்குள் குறைந்தது மூன்று சொற்கள் ஒளிந்திருக்கின்றன. ரத்தத்தில் கிருமி இருப்பது பாக்டீரிமியா. அது கல்ச்சர் சொல்லும் செய்தி. கிருமிக்கு எதிராக உடல் கட்டுப்பாடு இழந்து எதிர்வினை செய்து, அதனால் உறுப்புகள் கெட ஆரம்பிப்பது செப்சிஸ். 2016-இல் வந்த வரையறையும் அதைத்தான் சொல்கிறது. இது கல்ச்சரில் தெரியாது, நோயாளியிடம்தான் தெரியும். செப்டிசிமியா என்பது இரண்டையும் குழப்பிச் சொல்லும் பழைய சொல், இப்போது மெல்ல வழக்கொழிந்துவருகிறது. இன்னும் பழையது பையீமியா, ரத்தத்தில் சீழ் என்று பொருள். சொல் பழையதானாலும், ஓரிடத்துச் சீழ் ரத்த வழியே பல இடங்களில் கட்டியாக முளைப்பதை அது சரியாகவே கண்டிருந்தது. நான் அந்த அம்மாவிடம், "விஷம் இல்லைம்மா, கையில் புண் வழியாக ஒரு கிருமி ரத்தத்துக்குள் போயிருக்கிறது. பேர் தெரிந்துவிட்டது, அதற்கு மருந்து இருக்கிறது. முதுகிலும் போய் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்" என்றேன்.

பத்து மணிக்கு செஃபசோலின், வேங்கோமைசின் என்ற இரண்டு கிருமிக்கொல்லிகள் ஏறத் தொடங்கின. பதினொன்றே முக்காலுக்குக் குழாயை எடுத்துச் சாய்த்தேன். பிளாஸ்மா வழியவில்லை. குழாயோடு சேர்ந்து அசையும் பாகாக உறைந்து நின்றது. பிளாஸ்மாவை உறைய வைக்கும் கொயாகுலேஸ் நொதி பாசிட்டிவ். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்று முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

மருந்தைத் தேர்ந்த விதம்

இரண்டு மருந்து ஏன் என்று கேட்கலாம். இது மெதிசிலின் என்ற பென்சிலின் வகை மருந்துக்கு அடங்காத வகையா, அடங்கும் வகையா என்பது அப்போது தெரியாது. அடங்காத வகைக்கு எம்ஆர்எஸ்ஏ என்று எல்லோரும் சொல்லும் பெயரில் உள்ள மெதிசிலினை இன்று எந்த நோயாளிக்கும் கொடுப்பதில்லை. 1960-ஐ ஒட்டிப் புழக்கத்துக்கு வந்தது, 1961-லேயே அதற்கு அடங்காத ஆரியஸ் பிரிட்டனில் கண்டறியப்பட்டது. மருந்து போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. மெக்-ஏ என்ற மரபணு, பென்சிலின் வகை மருந்துகள் பற்ற முடியாத ஒரு புரதத்தைச் செய்துகொடுக்கிறது. அது இருந்தால் செஃபசோலின் பயனில்லை, வேங்கோமைசின் வேண்டும். அது இல்லை என்றால் செஃபசோலின் அல்லது ஃப்ளூக்ளோக்சசிலின் போன்றவை வேங்கோமைசினைவிட நன்றாகவும் வேகமாகவும் கொல்லும். பலர் வேங்கோமைசினைப் "பெரிய மருந்து" என்று நினைத்து அதிலேயே தொடர்ந்துவிடுகிறார்கள். அடங்கும் வகை ஆரியஸில் அது நோயாளிக்குச் செய்யும் கெடுதல். இதை நான் வார்டுகளில் சொல்லி அலுத்ததில்லை.

செவ்வாய் காலை முடிவு வந்தது. செஃபாக்சிடின் மருந்து 30 மைக்ரோகிராம் தோய்த்த காகித வட்டைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் 27 மில்லிமீட்டர். 22-ம் அதற்கு மேலும் இருந்தால் மெதிசிலினுக்கு அடங்கும் வகை. மெக்-ஏயைத் தெளிவாக வெளியே இழுத்துக் காட்டுவதால், மெதிசிலினுக்குப் பதில் செஃபாக்சிடினை வைத்துச் சோதிக்கிறோம்.

பென்சிலின் வட்டத்தில் ஒரு சுவையான விஷயம் இருந்தது. 30 மில்லிமீட்டர். அளவை மட்டும் பார்த்தால் பென்சிலினே போதும் என்று தோன்றும். ஆனால் வட்டத்தின் விளிம்பைப் பார்க்க வேண்டும். கடற்கரை மணல்போலத் தேய்ந்து தேய்ந்து மறைந்தால் சரி. இங்கே கத்தியால் வெட்டிய பாறைபோல நின்றது. பென்சிலினை உடைக்கும் நொதியைக் கிருமி சுரக்கிறது என்று அர்த்தம். பென்சிலினுக்கு அடங்காது என்றே ரிப்போர்ட் கொடுத்தேன். வேங்கோமைசினை நிறுத்திவிட்டு செஃபசோலின் 2 கிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, அதை மட்டும் தொடரச் சொன்னோம்.

கிருமி எங்கெங்கே போயிருந்தது

கையிலிருந்த சிரையில் சீழோடு ரத்தம் உறைந்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. திங்கள் மாலையே அறுவை மருத்துவர் அதைத் திறந்து சுத்தம் செய்தார். மூலத்தை அகற்றாமல் மருந்தை மட்டும் ஊற்றினால் கிருமி திரும்பத் திரும்ப வரும்.

முதுகின் எம்ஆர்ஐ செவ்வாய் மாலை எடுத்தார்கள். மூன்றாவது, நான்காவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவில் உள்ள வட்டில் தொற்று. பக்கத்துத் தசையில் மூன்று சென்டிமீட்டர் சீழ்க்கட்டி. தண்டுவடத்தைச் சுற்றிச் சீழ் இல்லை. அந்த வரியைப் படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. அங்கே சீழ் சேர்ந்திருந்தால் சில மணி நேரத்தில் கால்கள் செயலிழந்திருக்கக்கூடும். அன்றிலிருந்து தினமும் கால் பலத்தையும் உணர்வையும், சிறுநீர் போவதில் தடை இருக்கிறதா என்பதையும் பார்த்து எழுதினார்கள். புதன்கிழமை சிடி வழிகாட்ட ஊசி விட்டுச் சீழை எடுத்தார்கள். ஸ்லைடில் அதே கொத்துகள்.

இதய வால்வுகளைப் பார்க்க உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோ ஸ்கேன் வியாழக்கிழமை நடந்தது. மார்பின் மேலிருந்து எடுத்த சாதாரண எக்கோவில் ஒன்றும் இல்லை என்றாலும், திங்கட்கிழமை எடுத்த மறு கல்ச்சர் பாசிட்டிவ் ஆகியிருந்ததால் அதோடு நிறுத்த மனமில்லை. வால்வுகள் சுத்தமாக இருந்தன.

மறு கல்ச்சர் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்தக் கிருமிக்கு அது கட்டாயம். திங்கள் பாசிட்டிவ். புதன் பாசிட்டிவ். வெள்ளிக்கிழமை எடுத்த பாட்டில்கள் ஐந்து நாளும் அமைதியாக இருந்தன. சிகிச்சையின் முதல் நாள் என்று எண்ணத் தொடங்குவது மருந்து ஏறிய நாளை வைத்து அல்ல, கல்ச்சர் நெகட்டிவ் ஆன நாளை வைத்து. எளிய ஆரியஸ் தொற்றுக்குக் குறைந்தது பதினான்கு நாள். முதுகெலும்பில் உட்கார்ந்திருந்ததால் இவருக்கு ஆறு வாரம். வெள்ளிக்கிழமையிலிருந்து ஆறு வாரம், அத்தனையும் ஊசி வழியே.

முப்பது மணி நேரத்தைப் பற்றி

அந்த முப்பது மணி நேரம் இல்லாமல் இருந்திருந்தால் முதுகெலும்புத் தொற்று வந்திருக்காது என்று என்னால் சொல்ல முடியாது. முதுகு வலி வீட்டிலேயே தொடங்கிவிட்டது. அது மருத்துவமனைக்கு வரும் முன்பே அங்கே போய்விட்டிருக்க வேண்டும். ஆனால் ஞாயிறு விடிகாலையிலேயே கையைத் திருப்பிப் பார்த்திருக்கலாம், சீழைத் திறந்திருக்கலாம், ஒன்றரை நாள் கிருமி ரத்தத்தில் சுற்றியதைத் தடுத்திருக்கலாம். அது என் மனதை இன்னும் உறுத்துகிறது.

விடிகாலை 4.25-க்கு ஆரியஸ் என்று யாருக்கும் தெரியாது என்பது உண்மை. ஸ்லைடில் எல்லா ஸ்டாஃபிலோகாக்கஸும் ஒரே மாதிரிதான். ஆனால் காலை ஆறரைக்குள் தெரிந்த விஷயங்கள் இரண்டு இருந்தன: பதினோரு மணி நேரத்தில் ஒலித்தது, பிறகு மற்றக் கையின் பாட்டில்களும் ஒலித்தன. கலப்படமாக விழுந்த தோல் கிருமி பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும், ஒரு பாட்டிலோடு நின்றுவிடும். இந்த இரண்டு எண்களையும் ஃபோனில் சொல்லியிருந்தால் அந்த டாக்டர் வேறு மாதிரி யோசித்திருப்பார். அவரே அப்படித்தான் சொன்னார்.

இப்போது எங்கள் ஆய்வகத்தில் "ஸ்டாஃப்" என்று யாரும் ஃபோனில் சொல்வதில்லை. கொத்துக் கோளம், எத்தனை பாட்டிலில் எத்தனை, எத்தனை மணி நேரத்தில் என்று சொல்கிறோம். இனம் தெரியும்வரை ஆரியஸாக இருக்கலாம் என்று நினைத்து நோயாளியைப் பாருங்கள் என்றும் சொல்கிறோம். கேட்பவர் திரும்பச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு புதிய பாட்டில் ஒலிக்கும்போதும் மறுபடி ஃபோன். கலப்படம் என்ற சொல்லை எழுதும் உரிமை, குழாய் சோதனை முடிந்தபின் ஆய்வகத்துக்கு மட்டும். முதலில் வார்டுகளில் முணுமுணுப்பு இருந்தது, ராத்திரியில் மூன்று முறை ஃபோன் வருகிறது என்று. இப்போது டூட்டி டாக்டர்களே "எத்தனை மணி நேரத்தில் வந்தது?" என்று கேட்கிறார்கள்.

கடைசி வருகை

ஆறு வார ஊசி முடிந்து ஒரு மாதம் கழித்து அவர் வந்தார். சிஆர்பி 4. குனிந்து செருப்பை மாட்டும்போது மட்டும் முதுகில் பிடிப்பு இருப்பதாகச் சொன்னார். இடது கையில் இரண்டு அங்குல நீளத்தில் தழும்பு. இந்த முறை அரைக்கைச் சட்டையில் வந்திருந்தார்.

முதல் மூன்று மாதத்துக்குள் இது திரும்ப வருவதுண்டு, அதனால் காய்ச்சல் வந்தால் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் மாத்திரை வாங்கும் முன் ரத்த கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். ரத்தத்தில் முன்பு என்ன கிருமி வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும் என்றும் சொன்னேன்.

"ஸ்டாஃப்னு சொன்னாப் போதுமா டாக்டர்?"

"போதாது" என்று சொல்லி அவர் சிகிச்சை அட்டையை வாங்கி, மேல் ஓரத்தில் இரண்டு சொல்லையும் பெரிய எழுத்தில் எழுதினேன். அவர் வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். ஸ்டாஃபிலோகாக்கஸில் இரண்டு முறை தடுக்கினார். ஆரியஸ் முதல் தடவையிலேயே சரியாக வந்தது. அட்டையை மடித்து அரைக்கைச் சட்டையின் பையில் வைத்துக்கொண்டார்.